மணல் முனைக்கு வாற வழியும் போற வழியும்

எங்கட இடத்துக்கு வாறதுக்கு நாலு வழி இருக்கு. நாலும் உருப்படாத வழி. அதை நல்லாத் தெரிஞ்சுகொண்டு, நாலையும் ஆக்களுக்கு இனிக்க இனிக்கச் சொல்றதுதான் என்ட தொழில்.

இடம் எங்க எண்டா, கற்பிட்டிக்கு அங்கால. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உப்புத் தண்ணிக் களப்பு, நடுவுல நாய் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி ஒரு மணல் முனை. அதுல ஆக்கள் வந்து தங்க ஓலை வேஞ்ச கபானா அஞ்சு, தண்ணித் தாங்கி ஒண்டு, குசினி ஒண்டு, நான் ஒருத்தன். முதலாளி கொழும்புல. மாசத்துக்கு ஒருக்கா வந்து, "ஏண்டா இவ்வளவு மணல்?" எண்டு கேட்டுட்டுப் போவார். நான் சமைக்கிறன், கூட்டுறன், கக்கூஸ் கழுவுறன், பாம்பு வந்தா விரட்டுறன். வெள்ளைக்காரர் வந்தா மட்டும் நான் மனேஜர். அந்த நேரம் போடுறதுக்கு எண்டு ஒரு சேட்டு இருக்கு.

பள்ளிக்கூடத்துல மூண்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்னைப் பொறுத்துக்கொண்டாங்க. பஸ்ஸுல போட்டிருக்கிற ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும். அதால வாற ஆக்களுக்கு வழி எழுதி அனுப்ப எனக்கு ஏலாது. போன்ல வொயிஸ் போடுறதுதான். தண்ணித் தாங்கிக்கு மேல ஏறி நிண்டாத்தான் சிக்னல் வரும். தாங்கிக்கு மேல சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்டு பேசுவன். கீழ இருந்து பாக்கிறவனுக்கு நான் பாங்கு சொல்ற மாதிரி இருக்குமாம்.

"கோச்சியில வாறதெண்டா கொழும்புக் கோட்டை ஸ்டேசன்ல ஏறுங்க. நீர்கொழும்பு, சிலாபம் எண்டு கடலைப் பாத்துப் பாத்து வரலாம். பாலாவியில இறங்குங்க. பஸ்ஸுல வாறதெண்டா நேரா கற்பிட்டி பஸ் இருக்கு, ஏறினா இறங்கத் தேவையில்ல. வேன்ல வாறதெண்டா இன்னும் சொகுசு, மாம்புரிக் காத்தாடியெல்லாம் பாத்துக்கொண்டு வரலாம். எப்படி வந்தாலும் கற்பிட்டி ஜெட்டிக்கு வாங்க. எங்கட போட்டு வந்து களப்பால ஏத்திக்கொண்டு வரும். போட்டு விருப்பமில்லாட்டி தெக்குப் பக்கத்தால கடற்கரை மணலோட லேண்ட்மாஸ்டர்ல வரலாம், அது ஒரு தனி அனுபவம்."

இதுல நான் சொல்லாத சாமான் என்னெண்டா, கோச்சி பாலாவியில இறக்கி விட்டுட்டுத் தன்ட பாட்டுல போயிரும், அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல பஸ்ஸுல தொங்கணும். வேன்காரனுக்குப் போன் காட்டுற வழி கடைசியில களப்புக்குள்ள இறங்கச் சொல்லும். லேண்ட்மாஸ்டர் எண்டது உழுற மிசினுக்குப் பின்னால பெட்டியைக் கட்டினது. அதுல வந்தா இடுப்பு ஒரு பக்கம் வரும், ஆள் மற்றப் பக்கம் வருவார்.

எல்லாரும் கடைசியில கேக்கிற கேள்வி ஒண்டுதான். எவ்வளவு நேரம் எடுக்கும்?

அதுக்கு இந்தக் கரையில ஒரே பதில்தான் இருக்கு. தமிழ்ல கேட்டா அரை மணித்தியாலம். சிங்களத்துல கேட்டா பய பாகய். வெள்ளைக்காரன் கேட்டா ஆஃப் அவர். ஒரு விரலையும் அரை விரலையும் காட்டி ஒண்டரை எண்டா அது கொஞ்சம் தூரம் எண்டு அர்த்தம். உண்மையச் சொன்னா ஆரும் வரமாட்டான். ஆலங்குடாவுல ரோட்டுக் கரையிலயே வேற கபானா இருக்கு, அங்க போய் இறங்கிருவான். அதால பஸ் கொண்டக்டரும் அரை மணித்தியாலம், போட்டுக்காரனும் அரை மணித்தியாலம், ஐஸ் கொண்டு வாறவனும் அரை மணித்தியாலம். கரையில பிறந்து வளந்தவனுக்கு அது விளங்கும். அரை மணித்தியாலம் எண்டா வருவான், ஆனா இருந்து சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுட்டுப் பாக்கலாம் எண்டு எடுத்துக்குவான். அதுல பொய் எண்டு ஒண்டும் இல்ல. வாறவனை வழியில வச்சிருக்கிற ஒரு மரியாதை அது.

இன்னொண்டும் இருக்கு. எங்கட இடத்துக்கு ஆக்கள் வாறதே தென்மேக்கால அடிக்கிற கச்சான் காத்துக்கு. பட்டம் கட்டின பலகையில நிண்டு கடல்ல பறக்கிறதுக்கு வெள்ளைக்காரன் அந்தக் காத்தைத் தேடி வாறான். அதே காத்துக்கு நாங்க போட்டை இழுத்துக் கரையில கவுத்துப் போடுற. அவன் வாற காலமும் வரவே ஏலாத காலமும் ஒரே காலம். அந்தக் காத்துல களப்பால வந்து சேருற நேரம் ஆக்கள் அரை மையத்து. முகம் வெளிறி, உடுப்பு நனைஞ்சு, வயித்துல இருந்ததெல்லாம் சத்தி எடுத்து, திரும்பிப் போறதுக்கும் பயந்து கொண்டு வருவாங்க. அவங்களைச் சிரிக்க வைக்கிறதுக்கு எண்டு நான் ஒரு வேலை வச்சிருந்தன். போட்டு தெரிஞ்ச உடனே கரைக்கு ஓடி, ரெண்டு கையாலயும் துவாயை வீசி, குதிச்சு, இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம். நாப்பது வயசு வயிறும் சேர்ந்து ஆடும். எல்லாரும் போனை எடுத்து வீடியோ பண்ணுவாங்க. எங்கெங்கயோ நாட்டுல எல்லாம் என்ட வயிறு இருக்கு.

எனக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. இருந்ததெல்லாம் கூடப் பிறந்த ஒரு ராத்தா. என்னை விட எட்டு வயசு மூப்பு. பாலாவிக்குக் கிட்ட ஒரு கொலனியில, மச்சானோடயும் ஒரு மகளோடயும் இருந்தா. மச்சான் ஓடாவி. கதவு, யன்னல், அலுமாரி எல்லாம் செய்வார். காதுல பென்சில், கையில அளவு நாடா. கால் அங்குலம் எண்டு நீங்க சொன்னா அது அவருக்குக் கால் அங்குலம்தான். சிரிக்கிறதுக்கும் அளவு எடுத்துத்தான் சிரிப்பார். என்ட பகிடிக்கு இதுவரைக்கும் ரெண்டு தரம் சிரிச்சிருக்கிறார்.

தொண்ணூறுல புலிகள் எங்கட ஆக்களை மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் எனக்கு ஆறு வயசு. போட்டுலதான் வந்த. எத்தினை பேர் அதுல எண்டு தெரியாது, காலை நீட்ட இடம் இல்ல. கற்பிட்டிக் கரைக்கு வந்து சேரும் வரைக்கும் ராத்தாட மடியிலதான் கிடந்தன். வழியெல்லாம் அவட பாவாடையில சத்தி எடுத்தன் எண்டு, அதை அவ சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டினா. கலியாணம் பேச வாற ஆக்களுக்கும் சொல்லுவா. எனக்கு ஏன் கலியாணம் சரி வரல்ல எண்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதுக்குப் பிறகு ராத்தா ஒரு போட்டுலயும் கால் வைக்கல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருக்காக் கேட்டா.

"உன்ட இடத்துக்கு எப்படிடா வாற?"

"போட்டுல."

"வேற?"

"கடல் விட்டுக் குடுத்தா லேண்ட்மாஸ்டர்ல."

"வேற?"

"வேற இல்ல ராத்தா."

"அப்ப நீ நல்லா இரு. ரோட்டுப் போட்ட பிறகு எனக்குச் சொல்லு."

அதே நாள்தான் மற்றதையும் சொன்னா. மீனை வெட்டிக்கொண்டு, தலையத் தூக்காமச் சொன்னா. "எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. நான் மவுத்தானா கபுறுக் குழிக்குள்ள என்னை இறக்கிறது நீயும் உன்ட மச்சானும்தான். அந்நியன் கை படக் கூடாது. விளங்கிச்சா?"

எங்கட ஆக்கள்ல அப்படித்தான். பொம்புளை மையத்தைக் கபுறுக்குள்ள இறங்கி வாங்கி வைக்கிறது புருசன், மகன், வாப்பா, கூடப் பிறந்தவன். ராத்தாக்கு வாப்பாவும் இல்ல, மகனும் இல்ல. இருந்த கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்.

நான் என்ன சொன்னன்? "நான் இறங்கினா பிறகு ஏற மாட்டன். அங்கயே உங்களோட படுத்திருவன். சோறு ஆக்கித் தருவீங்கதானே?" மீன் கையாலயே முதுகுல ஒரு அடி அடிச்சா. அந்தச் சேட்டு மூண்டு நாள் மணத்திச்சி.

அவ மவுத்தான நாள் நல்ல காத்து. விடியக் கருக்கல்ல இருந்தே ஓலையெல்லாம் பிச்சுக்கொண்டு போகப் பாத்திச்சி. எங்கட போட்டுக்காரன் எட்டு மணிக்கே கற்பிட்டிக்கு வெளிக்கிட்டுட்டான், புதுசா ரெண்டு பேர் வாறாங்க எண்டு. புருசன் பொஞ்சாதி, கலியாணம் முடிச்சுப் புதுசு. அவங்களுக்கு வழி சொன்னதும் நான்தான்.

ஒம்பதரைக்குத் தாங்கியில ஏறினன். அவங்க ஜெட்டிக்கு வந்துட்டாங்களா எண்டு கேக்கத்தான் ஏறின. சிக்னல் வந்த உடனே போன் துடிக்கத் தொடங்கிச்சி. மச்சான் பதினோரு தரம் எடுத்திருக்கிறார். மச்சான் அப்படி எடுக்கிற ஆள் இல்ல. திருப்பி எடுத்தன்.

"எங்கடா நிக்கிறாய்?"

"இங்கதான் மச்சான். என்ன?"

"ராத்தா போயிட்டா. விடியச் சுபஹுத் தொழுதுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குந்தினவ. அவ்வளவுதான்."

நான் இன்னாலில்லாஹி சொல்லத் தொடங்கி, பாதியில மறந்து போச்சு. எத்தினை மையத்து வீட்டுல முதல் ஆளாச் சொன்னவன் நான்.

மச்சான்ட குரல் எப்பவும் போலத்தான் இருந்திச்சி, அளவா. "இந்தா கேள். பள்ளிவாசல்ல கேக்கிறாங்க, மத்தியானம் லுஹரோட அடக்கிறதா பின்னேரம் அஸரோட அடக்கிறதா எண்டு. வெயில் காலம், வச்சிருக்க ஏலாது, லுஹரோட அடக்குவம் எண்டு அவங்க சொல்றாங்க. நீ வாறதுக்கு ஏத்த மாதிரி செய்யலாம் எண்டு நான் சொல்லி வச்சிருக்கிறன். உனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

இப்ப ஒருத்தன் என்னைக் கட்டி வச்சு அடிச்சுக் கேட்டாலும் எனக்கு விளங்கப்படுத்த ஏலாது. காத்து அடிக்குது. போட்டு அங்கால போயிட்டுது. எல்லாம் சேர்த்தா மூண்டரை, நாலு மணித்தியாலம் எண்டு என்ட தலைக்குத் தெரியும். ஆனா அந்தக் கேள்வியக் கேட்டா வாய் தன்ட பாட்டுல திறக்கும். அத்தினை வருசம் பழக்கினது.

"வந்துட்டன் மச்சான். அரை மணித்தியாலம்."

"அரை மணித்தியாலமா? கிட்டத்தான் நிக்கிறாயா? அல்ஹம்துலில்லாஹ். அப்ப லுஹர் எண்டு சொல்லுறன்."

இல்ல மச்சான் எண்டு நான் சொன்னன். காத்துக்குத்தான் சொன்னன், சிக்னல் போயிட்டுது. பிறகு தாங்கியில நிண்டு போனைத் தூக்கித் தூக்கிப் பாத்தன். ஏழு எட்டு நிமிசம் அதுலயே போச்சு. பிறகு எனக்கே ஒரு கணக்கு வந்திச்சி. இப்ப ஒம்பதே முக்கால். லுஹருக்கு இன்னும் ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல இருக்கு. பிடிச்சிருவன். மற்ற ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி, அதை நானே நம்பத் தொடங்கிட்டன் போல.

கடற்கரைப் பக்கம் மீன் வாடியில உடப்பு ஊர் அண்ணன் ஒருத்தர் இருந்தார், அவருட்டத்தான் லேண்ட்மாஸ்டர். வலை பொத்திக்கொண்டு இருந்தார். விசயத்தைச் சொன்னன்.

"தம்பி, கடலைப் பார். இப்ப இறங்கினா மிசினையும் தின்னும், நம்மளையும் தின்னும். பின்னேரம் விடும். பின்னேரம் போவம்."

"பின்னேரம் மண்ணைத்தான் அண்ணன் பாக்கலாம்."

அவர் என்ட முகத்தைப் பாத்தார். நான் அவருக்கு முன்னால சிரிக்காம நிண்டது அதுதான் முதல் தரமாம், பிறகு சொன்னார். ஊசியை வலையில குத்தி வச்சுட்டு எழும்பினார்.

தெக்கால கரையோட போனம். அலை வந்து சில்லை நக்கிட்டுப் போகுது. அவர் கைபிடியோட மல்லுக்கட்டுறார், நான் பெட்டிக்குள்ள தேங்காய் மாதிரி உருளுறன். பாதி வழிக்குக் கிட்ட, கடல் மணலை அறுத்துக் களப்புக்குள்ள பாய்ஞ்சுகொண்டு இருந்திச்சி. நேத்து இல்லாத வெட்டு. அண்ணன் இறங்கிக் காலை வச்சுப் பாத்தார், இடுப்பு வரைக்கும் போச்சு. திருப்புவம் எண்டு மிசினைத் திருப்ப, ஒரு சில்லு அச்சு வரைக்கும் புதைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் குந்தி நாய் தோண்டுற மாதிரித் தோண்டினம். தோண்டத் தோண்டக் கடல் நிரப்பித் தருது.

"நீ போ," எண்டார். "நான் இதைப் பாத்துக்கொள்றன். கடவுள் விட்டா உன்ட போட்டு இந்நேரம் திரும்பி வரும். களப்புப் பக்கமாப் போ, வழியில மறிச்சுப் பிடி."

அது நல்ல யோசனை. களப்புக் கரையால, முள்ளுக்குள்ளால ஓடினன். ஓடினன் எண்டு சொல்றது ஒரு பேச்சுக்கு. ஒரு கால்ல செருப்பு, மற்றது வெட்டோட போயிட்டுது. கொஞ்சத் தூரம் போக, போட்டு தெரிஞ்சிச்சி. கரையை ஒட்டித்தான் வருது, காத்துக்கு ஒதுங்கி. கத்தினாக் கேக்காது, ஆனா ஆள் தெரியிற தூரம். எனக்கு உசிர் வந்திச்சி. துவாயை எடுத்து ரெண்டு கையாலயும் வீசினன். குதிச்சன். தண்ணிக்குள்ள இறங்கி முழங்கால் அளவுல நிண்டு குதிச்சன். "இங்கால வா, இங்கால வா" எண்டு கத்தினன்.

போட்டுக்காரன் கையைத் தூக்கி ஆட்டினான். அந்தப் புதுப் பொஞ்சாதியும் ஆட்டினா. புருசன் போனை எடுத்தான்.

நான் சேட்டையும் கழட்டி வீசினன். அழுதன் எண்டும் நினைக்கிறன். போட்டுக்காரன் இன்னும் நல்லாச் சிரிச்சு, எஞ்சினை விட்டுட்டு எழும்பி நிண்டு, என்னை மாதிரியே இடுப்பை ரெண்டு ஆட்டு ஆட்டிக் காட்டிட்டு, நேரா முனைக்குப் போயிட்டான். அந்த வீடியோ இப்பவும் எங்கயோ இருக்கும். ராத்தா மவுத்தான அண்டைக்கு நான் ஆடின ஆட்டம்.

முனைக்கு நடந்து வந்து சேர பன்னெண்டாச்சு. போட்டுக்காரன் குசினிக்கு முன்னால பாண் துண்டைத் தேத்தண்ணியில தோச்சுத் திண்டுகொண்டு இருந்தான்.

"என்ன நானா இண்டைக்கு அவ்வளவு தூரம் வந்து ஆடினீங்க? ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சாங்க. வழியெல்லாம் அந்தப் பொம்புளை சத்தி."

"ராத்தா மவுத்துடா."

அவன்ட கையில இருந்த பாண் கோப்பைக்குள்ள விழுந்திச்சி. எழும்பிப் போய் எஞ்சினை இழுத்தான்.

ஏறுற நேரம் அந்தப் புருசன்காரன் பின்னால வந்தான். நனைஞ்ச சப்பாத்தைக் கையில வச்சுக்கொண்டு, கோவத்தோட கேட்டான், நீங்கதானே வொயிஸ் போட்ட, அரை மணித்தியாலம் எண்டு சொன்னீங்களே, இதுக்கு வேற வழியே இல்லையா எண்டு. நான் இல்ல எண்டு சொன்னன். அந்த இடத்துல வேலைக்குச் சேர்ந்த நாளையில இருந்து ஒரு விருந்தாளிக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அவன் அதையும் நம்பல்ல.

களப்பு கொதிச்சுக்கொண்டு இருந்திச்சி. காத்து குறுக்கால அடிச்சு, ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு வாளித் தண்ணியை மடியில ஊத்துது. நான் தண்ணி அள்ளிக் கொட்டிக்கொண்டு இருந்தன். நடுக் களப்புல சிக்னல் வந்திச்சி. போன் பொலித்தீன் பைக்குள்ள, சேட்டுக்குள்ள. எடுத்தா, மச்சான்ட வொயிஸ் வரிசையாக் கிடக்குது. மச்சான் வொயிஸ் போடுறது எனக்கு மட்டும்தான், நான் வாசிக்க மாட்டன் எண்டு தெரியும். எஞ்சின் சத்தத்துல காதோட அமத்திப் பிடிச்சுக் கேட்டன்.

முதலாவது: "குளிப்பாட்ட எடுத்துட்டாங்க. வந்தா நேரா வீட்டுக்கு வா."

ரெண்டாவது: "கபன் துணி இட்டு முகம் மட்டும் விட்டிருக்கு. எல்லாரும் பாத்து முடிஞ்சுது. உனக்காக மூடாம வச்சிருக்கிறாங்க. கெதியா வா மகன்."

என்னை அவர் மகன் எண்டு கூப்பிட்டது கிடையாது. டேய்தான்.

மூண்டாவது: "மூடிட்டாங்க. பள்ளிக்குக் கொண்டு போறம். நீ பள்ளிக்கு வா."

நாலாவதுல பின்னால சனத்துட சத்தம் கேக்குது. "தொழுது முடிஞ்சுது. மையத்துச் சந்தூக்கை வாசல்ல வச்சிருக்கு. ஏன் நிக்கிறீங்க எண்டு மௌலவி கேக்கிறார். நான் சொன்னன், அவன் ஒம்பதரைக்கே அரை மணித்தியாலம் எண்டு சொன்னவன், கிட்டத்தான் நிக்கிறான், ரோட்டுல ஏதும் சுணக்கமா இருக்கும் எண்டு. ஒரு அரை மணித்தியாலம் பாக்கலாம் எண்டு அவங்களும் சம்மதிச்சாங்க. வெயில்ல நிக்கிறாங்கடா எல்லாரும்."

அது வந்து பத்து நிமிசம்தான் ஆகியிருந்திச்சி. நான் பட்டனை அமத்திப் பேசினன். "மச்சான், பொய் சொல்லிட்டன் மச்சான். நான் இப்பதான் நடுக் களப்புல. இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஆகும். அஸருக்கு வையுங்க. என்ட அல்லாஹ்வே, அஸருக்கு வையுங்க மச்சான்." அனுப்பினன். பக்கத்துல ஒரு சரி அடையாளம் மட்டும்தான் விழுந்திச்சி. ரெண்டாவது சரி விழவே இல்ல. பள்ளிக்குள்ள போனா மச்சான் போனை நிப்பாட்டிருவார். மற்ற ஆக்கள் சத்தத்தைக் குறைப்பாங்க, இவர் முழுசா நிப்பாட்டுவார். அளவு.

போட்டுக்காரன் என்னையப் பாக்காம, தண்ணியைப் பாத்துக்கொண்டு கேட்டான். "ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"பழக்கதோசம்டா."

"வெளி ஆக்களுக்குச் சரி."

அதுக்குப் பிறகு ஜெட்டி வரைக்கும் நான் தண்ணியை அள்ளிக் கொட்டினன். அள்ளுறதுக்கு இருந்தது நல்லதாப் போச்சு.

ஜெட்டியில ஏறி ரோட்டுக்கு வந்தா பஸ் இப்பதான் போச்சாம். ஓட்டோ ஒண்டைப் பிடிச்சன். ஓட்டோக்காரன் சின்ன வயசு, பாட்டுப் போட்டிருந்தான். என்ட கோலத்தைப் பாத்தான். ஒத்தைச் செருப்பு, ஈரச் சாரம், சேட்டுல பட்டன் இல்ல.

"எங்க நானா?"

"பாலாவி. கெதியாப் போகணும். எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பயப்படாதீங்க, அரை மணித்தியாலத்துல கொண்டு போய் விடுறன்."

பாட்டை நிப்பாட்டச் சொன்னன். நுரைச்சோலை தாண்டுற வரைக்கும் கழுதைக் கூட்டம் ரோட்டுல. ஒவ்வொண்டும் மெதுவா ஒதுங்குது. வெங்காயத் தோட்டத்துல தண்ணி அடிச்சுக்கொண்டு இருக்கிறாங்க. உப்பளத்துல வெள்ளையாக் கண்ணைக் குத்துது. நான் எத்தினை ஆக்களுக்கு இந்த ரோட்டைப் பத்திப் பெருமையாப் பேசியிருப்பன், ரெண்டு பக்கமும் பாத்துக்கொண்டு வாங்க, நேரம் போறதே தெரியாது எண்டு. அண்டைக்கு ஒவ்வொரு தந்திக் கம்பமும் தெரிஞ்சிச்சி.

கொலனிக்குத் திரும்புற சந்தியில ஓட்டோவை நிப்பாட்டினன். அங்கேயிருந்தே தெரிஞ்சிச்சி. பள்ளி முத்தத்துல ஒருத்தரும் இல்ல. சந்தூக்கு கழுவி, சுவரோட சாச்சுக் காயப் போட்டிருந்திச்சி. ராத்தா வீட்டுப் பக்கம் ரெண்டு பேர் பிளாஸ்டிக் கதிரையை ஒண்டுக்குள்ள ஒண்டா அடுக்கிக்கொண்டு இருந்தாங்க. ராத்தாட மகள் வாசல்ல நிண்டா. என்னைக் கண்டவ. கண்டுட்டு உள்ள போயிட்டா. ஏன் மாமா எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரல்ல. பள்ளிக்குப் பின்னால அடக்கிற இடம், மையவாடி. நேரா அங்க போனன்.

நல்ல பெரிய மையவாடி இல்ல. முள்ளுப் பத்தையும் மணலும். நடுவுல ஈரம் காயாத புது மண் குமிஞ்சு கிடக்குது, தலைமாட்டுல நட்ட மீசான் கட்டை, மேல பச்சை ஓலை. அதுக்குப் பக்கத்துல போய் விழுந்தன். என்னென்ன பேசினன் எண்டு முழுசா ஞாபகம் இல்ல. மன்னிச்சிருங்க ராத்தா எண்டன். நான் இறங்க வந்தனான் ராத்தா எண்டன். காத்தைச் சொன்னன், வெட்டைச் சொன்னன், போட்டுக்காரன் கை ஆட்டினதைச் சொன்னன். அதையும் பகிடி மாதிரித்தான் சொல்ல வந்திச்சி, வேற மாதிரிச் சொல்லத் தெரியாது எனக்கு. மண்ணை அள்ளி அள்ளி நெஞ்சுல பூசிக்கொண்டு, வாயைத் திறந்து, மாடு மாதிரிச் சத்தம் போட்டு அழுதன். பத்து நிமிசம் இருக்கும். கூடவும் இருக்கும். உடம்புல இருந்ததெல்லாம் அதுல வெளிய வந்துட்டுது.

பின்னால ஆள் வாற சத்தம். மச்சான். வெள்ளைச் சாரத்துல முழங்கால் அளவுக்கு மண். காதுல பென்சில் இல்ல. வந்து குனிஞ்சு என்ட தோளைத் தொட்டார்.

"எழும்பு. இது இல்ல."

நான் விளங்காமப் பாத்தன்.

"இது நேத்துப் பின்னேரம் அடக்கின ஐஸ் கொம்பனி வாச்சர். இந்தா, அது."

பத்தைக்கு அங்கால, சுவரோரம் இன்னொரு குமி. அதுலயும் மீசான் கட்டை, அதுலயும் பச்சை ஓலை. ரெண்டும் ஒரே மாதிரி. அடக்கிற நேரம் நிண்டவனுக்குத் தெரியும் எது எது எண்டு.

எழும்பி அங்க போனன். போய் நிண்டன். ஒண்டும் வரல்ல. அழுகை வரல்ல, துஆ வரல்ல, பகிடியும் வரல்ல. எல்லாத்தையும் முன்ன பின்னத் தெரியாத ஒரு வாச்சருக்குக் குடுத்துட்டன்.

"ஆரு மச்சான் உங்களோட இறங்கின?"

"பள்ளியில பாங்கு சொல்ற மோதினார். மற்றது முன் வீட்டுக் கிழவர். எனக்கு முழங்கால் ஏலாதுதானே, அவங்கதான் வாங்கி வச்சாங்க. நான் தலைப் பக்கம் மட்டும் பிடிச்சன்." சாரத்து மண்ணைத் தட்டினார். "முக்கால் மணித்தியாலம் வச்சுக்கொண்டு நிண்டம். சனம் முணுமுணுத்திச்சி. நான்தான் சொல்லிச் சொல்லி நிப்பாட்டினன்."

"ஓம் மச்சான்."

"நாலு மணித்தியாலம் எண்டு சொல்லியிருந்தா அஸருக்கு வச்சிருப்பம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதைச் சொல்ல உனக்கு என்னடா கஷ்டம்?"

அவர் கோவத்துல கேக்கல்ல. பதில் ஒண்டு இருக்கும், அதை அளந்து எடுத்துக்கொள்ளலாம் எண்டு நினைச்சுத்தான் கேட்டார். பிறகு, கிடைக்காது எண்டு விளங்கி இருக்கும், ராத்தாட கால்மாட்டுப் பக்கம் மண் சரிஞ்சு கிடந்ததைக் கையால ஒதுக்கிச் சமன் பண்ணத் தொடங்கினார். முழங்காலை மடக்க அவருக்கு ஏலாம இருந்திச்சி. நான் மற்றப் பக்கம் குந்தி, என்ட பக்கத்து மண்ணை ஒதுக்கினன்.